வாய் வேண்டாத குழல்

அன்புள்ள தம்பி,

போன ஆனியில் திருவிழாவுக்கு நயினாதீவுக்கு வந்த நீ, விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்து அந்த அயர்லாந்துக் குழலை, இலியன் பைப்பை, வாசித்தபோது, உன் வாய் சும்மா இருந்ததை முதலில் கண்டவள் உன் தங்கை நிறோதான். நாங்கள் எல்லோரும் உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது கைக்குக் கீழே ஒரு துருத்தி, இடது கைக்குக் கீழே ஒரு தோற்பை, முழங்காலில் ஊன்றிய கறுப்புக் குழல். நீ முழங்கையால் துருத்தியை அமத்த, காற்று பைக்குப் போய், பையிலிருந்து குழலுக்குப் போய்ச் சத்தமாக வந்தது. கோயிலில் நாதசுரம் வாசிக்கிற சின்னராசா அண்ணை படலையடியில் நின்று கேட்டார். "ஆட்டுக்குட்டி தாயைத் தேடுற மாதிரிக் கிடக்கு. ஆனாலும் வடிவாத்தான் தேடுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். கதவு மறைவில் நின்ற உன் தங்கை சிரிக்கவில்லை. பிறகு குசினிக்குள் வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் காதுக்குள் சொன்னாள்: "அம்மா, அண்ணா ஒருக்காலும் ஊதேல்லை. அதுக்கு வாயே தேவையில்லை." அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். கண்ணில் ஒப்பரேசன் செய்த பிறகு எழுத்துகள் எனக்கு இன்னும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுதான் தெரிகின்றன. போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்கிறாய். எனக்கு அது போதாது. ஆகவே நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பவேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். "என்னைப் பற்றிச் சொன்னாலும் அப்பிடியே எழுதோணுமோ?" என்று கேட்டாள். "உன்னைப் பற்றித்தான் சொல்லப்போறன், எழுது" என்றேன்.

நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில். உனக்குக் குழல் செய்து தந்த அந்த ஐரிஷ் அம்மா, தன் பட்டறையில் நிறோவை ஆறு மாதம் வைத்துப் பழக்க விரும்புகிறா, விசா அலுவலை நான் பார்க்கிறேன், அவளை அனுப்புங்கள் அம்மா என்று நீ சொன்னாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. அடுப்பே மூட்டவில்லை. குருநாகலில் கடையில் நிற்கிற அப்பாவிடம் கேட்டேன். "நீ பாத்து முடிவெடு" என்றார். கஷ்டமான முடிவென்றால் அவர் எப்போதும் எனக்குத்தான் தருவார். அதனால் இது என் தலையில் இருக்கிறது. போகவிட்டால் இந்த வீட்டில் நான் தனியே. போகவிடாவிட்டால் அவள் இந்தக் கதவு மறைவிலேயே நின்றுவிடுவாள். இரண்டையும் நினைத்து நினைத்துச் சோறு குழைந்துபோகிற அளவுக்கு அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டபோது நீ இங்கே இல்லை. சோதனைக்கு ஒரு வருடம் இருந்தது. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் அவளுக்குச் சத்தம் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் புத்தகப் பையைக் கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்து, "இனிப் போகேல்லை அம்மா" என்றாள். நான் இரண்டு நாள் ஏசினேன். மூன்றாம் நாள் ஏசவில்லை. ஏன் விட்டேன் என்று ஊரில் கேட்டவர்களுக்கு, பிள்ளைக்கு ஏலாமல் இருக்கிறது என்று சொன்னேன். உண்மை அதுவல்ல, தம்பி. நீ போய் அப்போது நாலு மாதம். வீட்டில் யாரும் நடக்கிற சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. அவள் வீட்டில் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. (பேனை நின்றுவிட்டது. என்ன பார்க்கிறாய், எழுது பிள்ளை என்று சொல்கிறேன். எழுதுகிறாள்.)

நீ திரும்பிப் போகும்போது, உனக்குப் பெரிய செட் ஒன்று வரப்போகிறது என்று சொல்லி, பழகுகிற இந்தச் சின்னச் செட்டை அவளிடம் விட்டுப் போனாய். அவள் கேட்கவில்லை. நீயாகக் கொடுத்தாய். உன்னை நான் எத்தனையோ விடயத்துக்கு ஏசியிருக்கிறேன், இதற்காக ஒரு முறை மெச்சவேண்டும். ஆனால் அதை எப்படிப் பராமரிப்பது என்று நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். குழலை வைத்திருப்பது என்றால் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவைப்பது என்றுதான் நான் நினைத்தேன். அவளோ கிடைத்த கிழமையே அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டாள்.

அடுத்தது நான் உனக்குச் சொன்ன பொய். குழலுக்குள் சத்தம் எழுப்புகிற சீவாளி உப்புக்காற்றில் கெட்டுவிட்டது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா? காற்று ஒன்றும் செய்யவில்லை. நவராத்திரி வந்தது. சரஸ்வதிக்கு முன்னால் புத்தகம் வைப்போம், அப்பாவின் கடைக் கணக்குக் கொப்பி வைப்போம். இந்த முறை உன் குழலையும் வைத்தேன். வெறுமனே வைக்கக்கூடாது, சுத்தமாக வைக்கவேண்டும் என்று பட்டது. சின்னராசா அண்ணை வாசிக்க முதல் சீவாளியை வாயில் வைத்து ஊறவைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். ஊறாத சீவாளி பேசாது என்பது எனக்குத் தெரியும். உன் சீவாளி பாவம், வந்த நாள் தொட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் காணவில்லை. அதைக் குழலிலிருந்து மெல்லக் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, விடியச் சந்தனம் தொட்டு, வெயிலில் காயவைத்து, திரும்பச் செருகிவைத்தேன். விஜயதசமி அன்று காலை உன் தங்கை துருத்தியை அமத்தினாள். புஸ் என்று காற்றுத்தான் வந்தது.

சின்னராசா அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லா நனைச்சனீங்களோ தங்கச்சி?" என்று கேட்டார். "ராத்திரி முழுக்க" என்றேன். "பிறகேன் பேசேல்லை? இன்னும் எப்பன் நனையுங்கோ" என்றார். இன்னொரு முறை நனைத்தோம். இந்த முறை அது வெடித்தே போய்விட்டது. அப்போதுதான் நிறோ உள்ளே இருந்து வந்து, வெடித்ததை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துச் சொன்னாள்: "இது வாய் படாத சீவாளி அம்மா. துருத்திக் காத்து காஞ்ச காத்து. அதுக்கெண்டுதான் இவ்வளவு மெல்லிசாச் சீவியிருக்கினம்." அண்ணை என்னைப் பார்த்தார், நான் அண்ணையைப் பார்த்தேன். "எங்கடை பழக்கத்தை வெள்ளைக்காரச் சாமானுக்குத் தீத்திப்போட்டம்" என்று சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சீவாளிக்காக நீ எவ்வளவு காலம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

புதிது ஒன்று அனுப்பச் சொல்லி உன்னிடம் கேட்கலாம் என்றேன். "வேண்டாம் அம்மா" என்றாள். அதற்குப் பிறகு இந்த வீடு வீடாக இல்லை. எங்கே பார்த்தாலும் சீவின தூள். பழைய சீவாளியின் பித்தளைக் குழாயைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இரண்டு மெல்லிய தகடுகளை நூலால் சுற்றிக் கட்டுவதும், உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவதும், செருகிப் பார்ப்பதும், எறிவதும். முதலில் பனைமட்டையின் தோலில் செய்தாள். அது வண்டு மாதிரி இரைந்தது. மூங்கிலில் செய்தாள். அது தாரா வாத்து மாதிரிக் கத்தியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "நிறோ அக்கா, தாரா முட்டை போட்டிட்டுதோ?" என்று கேட்பார்கள். முந்தி என்றால் அவள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தியிருப்பாள். இப்போது துருத்தியை அமத்தித் தாராவாலேயே அவர்களுக்குப் பதில் சொன்னாள்.

சின்னராசா அண்ணையிடம் இந்தியாவிலிருந்து சீவாளி செய்ய வந்த நாணல் தண்டு கொஞ்சம் இருந்தது. அதைக் கேட்கவேண்டும். நான் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன், அவள் தலையாட்டவில்லை. தானே போனாள். போய், கோயில் வீதியில் அவருக்கு முன்னால், வெடித்த சீவாளியை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறாள். "என்ன பிள்ளை, பல்லு விழுந்திட்டுதோ?" என்று கேட்டிருக்கிறார். கையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறாள். கடைசியில் அவரே விளங்கிக்கொண்டு ஒரு தண்டை முறித்துக் கொடுத்து, "கெடுத்துப்போட்டுத் திரும்ப வரக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாராம். அவள் கெடுத்துவிட்டுத் திரும்பப் போனாள். பிறகும் போனாள். அவரும் ஒவ்வொரு முறையும் அதையே சொல்லி ஒவ்வொரு தண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பின்னேரம் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தாராவும் இல்லை, வண்டும் இல்லை. நீ விறாந்தையில் இருந்து வாசித்தபோது வந்த அதே சத்தம். சவுக்காரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நனைக்காதேங்கோ" என்றாள்.

இப்போது அந்தச் சீவாளியை அவள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் கைக்குழந்தையைப் பார்ப்பது மாதிரி இருக்கும். தென்மேற்கிலிருந்து காய்ந்த சோளகக் காற்று எறிகிற மத்தியானங்களில் அது கம்மிப்போகும். அதைச் சுற்றியிருக்கிற செப்புக் கம்பி வளையத்தை ஒரு மயிரிழை மேலே தள்ளுவாள், பிறகு கீழே தள்ளுவாள், சரிவராவிட்டால் பெட்டியோடு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். பானைக்குப் பக்கத்தில், பானைக்குள் அல்ல என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுவாள். சொல்லட்டும்.

அவளுக்கு வாசிக்க வந்தது, ஆனால் கை இடக்குப் பண்ணியது. உனக்கு ஞாபகம் இருக்கும், அவள் இடது கைக்காரி. சின்னதில் இடது கையால் சோற்றை எடுத்தால் நான் கையில் தட்டி மற்றக் கைக்கு மாற்றுவேன். எழுதும்போதும் அப்படித்தான். மாற்றி மாற்றி இரண்டு கையும் தடுமாறுகிற பிள்ளையாக்கிவிட்டேன். உன் செட்டோ துருத்தி வலது பக்கம், பை இடது பக்கம் என்று செய்தது. ஒரு நாள் பார்த்தால் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டிக்கொண்டு இருக்கிறாள். துருத்தி இடது கையில், பை வலது கையின் கீழ், குழலில் மேல்கை கீழ்கையாகிவிட்டது. பையில் காற்று நுழைகிற குழாய்தான் பிழையான பக்கத்தில் இருந்து இடித்தது. உன் பையை வெட்டப்போகிறாளோ என்று பயந்தேன். வெட்டவில்லை. புதுப்பை செய்தாள். எதில் என்று உனக்குத் தெரியும். ட்ராக்டர் ரியூபில்! சைக்கிள் கடையில் பழைய ரியூப் ஒன்று கேட்டு வாங்கி, பை மாதிரி வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொலூசனால் ஒட்டி, கல் வைத்து அமத்திக் காயவைத்து, கிணற்று வாளிக்குள் தாட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. கறுப்பு ரப்பர் வடிவில்லை என்று மேலே ஒரு உறை தைத்தாள். உறைக்குத் துணி எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். தீபாவளிக்கு நீ எனக்கு அனுப்பின பச்சைச் சீலையின் தலைப்பு. நான் உடுக்கத் தொடங்க முதலே அது உடுத்திவிட்டது.

(இப்போதும் அவள் இடது கையாலேதான் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறேன். இதையும் எழுது.)

சின்னராசா அண்ணை வந்து கேட்டுவிட்டு, "எல்லாம் சரி பிள்ளை, ஒத்து எங்கை? ஒரு சுருதி நிண்டு பிடிக்காமல் என்னண்டு வாசிக்கிறது? அந்தரத்திலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். பெரிய செட்டுகளில் ஒத்துக் குழல்கள் இருக்கின்றன என்று நீ அவளுக்குக் காட்டியிருக்கிறாய் போல. தண்ணீர் இழுக்கிற பிளாஸ்டிக் குழாயில் ஒன்று செய்து, நாணலில் ஒற்றை நாக்குச் சீவாளி வைத்து, பையோடு பொருத்திவிட்டாள். ஒரே சுரத்தில் அது நின்று இரைய, அதன் மேல் அவள் மெல்ல ஒரு பாட்டை வைத்தாள். கோயிலில் அவர் மாலைப் பூசைக்கு வாசிக்கிற பாட்டு. அயர்லாந்துப் பாட்டு அல்ல. எல்லாச் சுரமும் அந்தக் குழலில் அகப்படவில்லை, சில இடத்தில் வழுக்கியது. அவர் ஆட்டுக்குட்டிப் பகிடி ஒன்றும் விடவில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த ரெண்டாம் சங்கதியை இன்னொருக்கால் வாசி பாப்பம்" என்றார். அவள் வாசித்தாள். தம்பி, வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் ஒளிக்கிற பிள்ளை, ஒரு மனிசனுக்கு முன்னால் இருந்து, முகத்தை நிமிர்த்தி, இன்னொருக்கால் வாசித்தாள்.

அதை நான் போனில் வீடியோ எடுத்து அனுப்ப, நீ அங்கே அந்த ஐரிஷ் அம்மாவுக்குக் காட்டினாய். அவ ட்ராக்டர் ரியூபைப் பற்றிக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்தி, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டாவாம். இதைக் கேட்டு எனக்குப் பெருமையும் வந்தது, பயமும் வந்தது. குளிர் நாடு. பாஷை தெரியாது. இங்கே தமிழிலேயே வாய் திறக்காதவள் அங்கே என்ன செய்வாள்? இரவு பகலாக இதைத்தான் யோசித்தேன். யோசித்ததில் ஒன்று விளங்கியது. வாயால் வேலை செய்யவேண்டிய இடத்தில்தான் இவள் தோற்றவள். கையால் வேலை செய்கிற இடத்தில் இவள் தாராவிலிருந்து தொடங்கிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுவந்தவள். அந்தப் பட்டறையிலும் நாணலும் கத்தியும்தானே இருக்கும்?

அவள் வந்தால், வந்தால் என்றுதான் சொல்கிறேன், நீ சிலவற்றைக் கவனிக்கவேண்டும். அவளிடம் யாராவது கேள்வி கேட்டால் அவளுக்காக நீ பதில் சொல்லாதே. நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். "பெயர் என்ன?" என்று யாரும் கேட்டால் நான் சொல்வேன், "எத்தினையாம் வகுப்பு?" என்றால் நீ சொல்வாய், அவள் எங்களுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். நீ முதன்முதலாக வெளிநாடு போனபோது லோஞ்சில் ஏற முதல் இறங்குதுறையில் எடுத்த படத்தை எடுத்துப் பார். நீ, நான், அப்பா. அவள் எனக்குப் பின்னால். முழங்கை மட்டும் தெரிகிறது. யாரும் அவளை முன்னுக்கு வா என்று இழுக்கவில்லை, அவளும் வரவில்லை. அவள் பேச நேரம் எடுப்பாள். அந்த நேரத்தை நீ நிரப்பாமல் இரு, பொறுமையில்லாவிட்டால் நூறு வரை மனதுக்குள் எண்ணு. "என்ரை தங்கச்சி, வெக்கப்படுவா" என்று ஆட்களுக்கு அறிமுகம் செய்யாதே. "என்ரை தங்கச்சி, சீவாளி செய்யிறவ" என்று சொல். ஒரு மாதத்தில் திரும்பிவரவேண்டும் என்று அழுதால் உடனே ஏற்றிவிடு. அதைத் தோல்வி என்று நீயும் சொல்லாதே, வேறு யாரையும் சொல்லவும் விடாதே. பிறகு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடித்து வந்து பாண் துண்டைக் கடித்துவிட்டுப் படுக்கிறாய் என்று உன் முகத்தைப் பார்க்கவே தெரிகிறது. அவள் நன்றாகச் சமைப்பாள், ஆனால் அவளைக் குசினிக்கு என்று கூப்பிடாதே.

என்னை நினைத்து நீங்கள் இரண்டு பேரும் பயப்படத் தேவையில்லை. சின்னராசா அண்ணையின் மனிசி பின்னேரங்களில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறா. அப்பாவையும் மாதத்தில் இரண்டு தரம் வரச் சொல்லுவேன், வராவிட்டால் கடைக்கே போய் நிற்பேன். எனக்கு வீட்டில் சத்தம் வேண்டும் என்று ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருந்தேன். அது சரியில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது.

ஆகவே என் பதில் ஓம். ஆனால் அவள் போவாளா என்பதற்கு நான் பதில் சொல்லமாட்டேன். சொன்னால் மேலே உனக்குச் சொன்ன புத்தியெல்லாம் பொய்யாகிவிடும். அவளிடம் இதுவரை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னிடம்தான் நீ கேட்டாய். இப்போது இந்த வசனத்தை எழுதி முடித்தவுடன் கேட்கப்போகிறேன். பிள்ளை, பேனையை வை. நீ போறியோ? வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லு.

தம்பி, இது என்னுடைய கையெழுத்து. கோடு தாண்டிப் போகும், பொறுத்துக்கொள்.

 அவள் பேனையை மூடி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நான் அப்படிக் கேட்டது பிழையோ, நெருக்கிவிட்டேனோ என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீலச் சட்டை போட்டு, தலையை இறுக்கிப் பின்னி, காதோரத்து மயிரையெல்லாம் கிளிப்பால் குத்திக்கொண்டு வந்தாள்.

"எங்கை பிள்ளை?"

"யாழ்ப்பாணத்துக்கு. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க. காது ரெண்டும் தெரியவேணுமாம்."

"ஆரோடை?"

"லோஞ்சிலை குறிகட்டுவானுக்கு, அங்கையிருந்து பஸ். தனியத்தான்."

குடையை எடுத்தாள். படலையைச் சாத்தினாள். இறங்குதுறைப் பக்கம் நடந்தாள்.